மூன்று வகுப்புக்கு ஒரு குரல்

ஊர்ப் பள்ளிக்கூடம் – 11

காலை எட்டரை மணிக்குக் கீழ்பென்னாத்தூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் போதும், சுற்றுவட்டாரத் தொடக்கப் பள்ளிகளின் கதை பாதி தெரிந்துவிடும். கிராமங்களிலிருந்து மஞ்சள் வேன்கள் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு மெட்ரிக் பள்ளிகளை நோக்கி வருகின்றன. திருவண்ணாமலை பஸ்ஸில் வந்து இறங்கும் ஆசிரியர்கள், கடையோரம் விட்டுவைத்த ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு அதே கிராமங்களுக்குப் போகிறார்கள். பிள்ளைகள் ஊரைவிட்டு வெளியே, வாத்தியார்கள் ஊருக்குள்ளே. வேன் ஏறாத பிள்ளைகளும் ஸ்கூட்டியில் போகும் ஆசிரியர்களும் சந்திக்கிற இடம்தான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி.

பள்ளி சிறுத்ததற்கு வேனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். பிறக்கிற பிள்ளைகளே குறைவு. மழை பொய்த்து, மல்லாட்டையும் நெல்லும் கைகொடுக்காத வருஷங்களில் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இந்த மாவட்டத்தில் அதிகம். ஆனாலும் ஊருக்கு ஒரு பள்ளி இருந்தாக வேண்டும். காமராஜர் காலத்திலிருந்து தமிழ்நாடு பிடித்துவைத்திருக்கும் கொள்கை அது. இன்று சட்டமும் அதையே சொல்கிறது. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி.

பள்ளி இருக்கும். ஐந்து வகுப்பும் இருக்கும். ஐந்து ஆசிரியர்?

சென்ற இதழில் 1987-இன் கரும்பலகைத் திட்டத்தைப் பார்த்தோம். எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்பது அப்போது ஓராசிரியர் பள்ளிகளுக்குக் கிடைத்த பெரிய வரம். அந்த ‘இரண்டு’ அப்படியே நிலைத்துவிட்டது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 121-ஐத் தொட்டால்தான் 5. அதாவது 120 பிள்ளைகளுக்குக் குறைந்த எந்தத் தொடக்கப் பள்ளியிலும், ஒரு காலியிடம்கூட இல்லாமல் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருந்தாலும், வகுப்புக்கு ஓர் ஆசிரியர் கிடையாது. கிராமத்துப் பள்ளிகளில் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ‘ஆள் பற்றாக்குறை’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். பற்றாக்குறை உள்ள பள்ளிகளும் உண்டுதான். பெரும்பாலான இடங்களில் அது சட்டம் போட்டுக் கொடுத்த கணக்கு.

அந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். ஒன்று முதல் ஐந்து வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது அதே அட்டவணை. நாளுக்கு 4 மணி நேரம். இந்த ஒன்றியத்துக் கிராமம் ஒன்றில் 38 பிள்ளைகள் உள்ள ஈராசிரியர் பள்ளி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான பாகப்பிரிவினை, டீச்சருக்கு ஒன்று முதல் மூன்று வரை, தலைமை ஆசிரியருக்கு நான்கும் ஐந்தும். டீச்சரின் 240 நிமிடத்தை மூன்று வகுப்புக்குப் பங்கிட்டால் வகுப்புக்கு 80 நிமிடம். மூன்றாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடம். பாடத்துக்கு 16 நிமிடம். வருகைப் பதிவு, கைபேசியில் ‘எமிஸ்’ என்ற கல்வித் துறைத் தளத்தில் பதிவு, சத்துணவு எண்ணிக்கை, அழுகிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது எல்லாம் இந்தப் பதினாறுக்குள்தான்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கி மளமளவென்று பரவின. மெட்ரிக் பள்ளிக்குப் போகும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் முயற்சி அது. ஆனால் சின்னப் பள்ளிகளுக்கு அதற்கென்று தனி ஆசிரியர் வரவில்லை. ஆகவே ஒரே மூன்றாம் வகுப்பில் நான்கு பிள்ளைகள் கணக்கைத் தமிழிலும் மூன்று பிள்ளைகள் ஆங்கிலத்திலும் படிக்கும் நிலை. வகுப்பு மூன்று, வழி இரண்டு. 16 நிமிடத்தை மறுபடி வகுத்துப் பார்க்க வாசகர்களுக்கே மனசு வராது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் பிடிபடுகிறது. டீச்சரின் குரல் ஒரு வகுப்போடு இருக்கும் 80 நிமிடத்தைவிட, அது இல்லாத 160 நிமிடம்தான் பெரியது. கூட்டு வகுப்பை நடத்துவது என்றால் அந்த 160 நிமிடத்தை நடத்துவது. பாடநூல், பாடக்குறிப்பு, ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கேள்வி எல்லாம் அந்த 80 நிமிடத்தைப் பற்றியே பேசுகின்றன.

காலை பத்து மணி. ஒரே அறை. சுவரோரம் பாய் விரித்து ஒன்றாம் வகுப்பு, ஜன்னல் பக்கம் இரண்டாம் வகுப்பு, பெரிய பலகைக்கு நேராக மூன்றாம் வகுப்பு. புதிதாக வேலைக்கு வந்தவர் நேராக ஒன்றாம் வகுப்பிடம் போவார். அவர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். பழகியவர் அப்படிச் செய்வதில்லை. முதலில் மூன்றாம் வகுப்பு: பலகையில் ஐந்து வரிக் கதை, அதன் கீழே மூன்று கேள்வி, ‘படிச்சு எழுதுங்க’. இரண்டு நிமிடம். அடுத்து இரண்டாம் வகுப்பு: புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கட்டி 47-ஐக் காட்ட வேண்டும். மூன்று நிமிடம். அதற்கப்புறம்தான் பாயில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்போடு எழுத்து. தானாக ஓடக்கூடிய வகுப்பை முதலில் ஓடவிட்டுவிட்டு, ஓடாத வகுப்பிடம் கடைசியில் போவது. சொல்லும்போது எளிதாகத்தான் தெரியும். காலை நேரத்து ‘டீச்சர், டீச்சர்’களுக்கு நடுவே அந்த ஐந்து நிமிடம் யார் கூப்பிட்டும் திரும்பாமல் இருப்பது லேசுப்பட்டதல்ல.

எட்டாவது நிமிடத்தில் முதல் சிக்கல் எழுந்து நிற்கிறது. “டீச்சர், முடிச்சிட்டேன்.”

கூட்டு வகுப்பு ஆசிரியர்கள் அதிகம் பயப்படுகிற வாக்கியம் இதுதான். மெதுவாகப் படிக்கிற பிள்ளையால் வகுப்பு குலைவதில்லை, சீக்கிரம் முடித்தவனால்தான் குலையும். அவனுக்கு அடுத்த வேலை கைக்கு எட்டும் தூரத்தில், டீச்சரைக் கேட்காமலே எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அரசு கொடுத்த ‘புத்தகப் பூங்கொத்து’க் கதை நூல்களைப் பீரோவில் பூட்டாமல் கயிற்றில் தொங்கவிட்ட பள்ளிகளில் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. பூட்டி வைத்த பள்ளிகளும் உண்டு. கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டுமே!

இரண்டாவது சிக்கல் சத்தம். மூன்று வகுப்பும் ஒரே நேரத்தில் வாய்விட்டுப் படித்தால் அறை இடிந்துவிடும். அதனால் நேர அட்டவணையைப் பாடத்தை வைத்துப் போடாமல் வேலையை வைத்துப் போடுகிறார்கள். எந்த அரை மணியிலும் ஒரு வகுப்பு வாயால், ஒரு வகுப்பு கையால், ஒரு வகுப்பு கண்ணால். ஒன்றாம் வகுப்பு பாடும்போது இரண்டாம் வகுப்பு கொட்டை எண்ணும், மூன்றாம் வகுப்பு மௌனமாக வாசிக்கும். மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் ‘கணக்குப் பீரியட்’ என்று போட்டால் ஒழுங்காகத் தெரியும்; ஆனால் மூன்றுமே ஒரே நேரத்தில் டீச்சரைத் தேடும்.

மூன்றாவது, திருத்துவது. தானாக எழுதிய நோட்டை யாரும் பார்க்கவில்லை என்று ஒரு பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் ஒரே வாரத்தில் அந்த எழுத்து கிறுக்கலாகிவிடும். இருபத்துச் சொச்சம் நோட்டையும் டீச்சரே பார்க்க நேரம் கிடையாது. பக்கத்துப் பிள்ளையோடு நோட்டை மாற்றித் திருத்திக்கொள்வது, பலகையில் விடையை எழுதிவைத்து ஒப்பிடச் சொல்வது, நாளுக்கு ஒரு வகுப்பு நோட்டை மட்டும் முழுசாகப் பார்ப்பது என்று ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள்.

சிக்கலாகவே சொல்லிக்கொண்டு போனால் பொய்யாகிவிடும். ஒரே அறையில் காது ஓட்டை வழியாக நடக்கும் கல்வி ஒன்று இருக்கிறது. மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்போது கொட்டை எண்ணிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புப் பெண் வாய்க்குள் முணுமுணுப்பாள். போன வருஷம் எழுத்து பிடிபடாமல் மேலே வந்த மூன்றாம் வகுப்புப் பையன், பாயில் நடக்கும் ‘ட், டா’வை யாருக்கும் தெரியாமல் இன்னொரு முறை கேட்டுக்கொள்வான். தனி வகுப்பறையில் அவனுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஒரு கூரைக்கடியில் எல்லா வயசும் படிப்பது நமக்குப் புதிதா என்ன? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற பிரிவே கிடையாது. மணலில் அரிச்சுவடி எழுதும் பொடியனும் நிகண்டு ஒப்பிக்கும் பெரியவனும் ஒரே திண்ணையில். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுத்த கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். வகுத்தால் பள்ளிக்குப் பதினைந்து பேர். எந்தச் சாதிப் பிள்ளைக்குத் திண்ணையில் இடம் இருந்தது, எந்தப் பிள்ளை தெருவிலேயே நின்றது என்ற கேள்வியையும் சேர்த்தே அந்தப் பெருமையைப் பேச வேண்டும்.

அந்த மணலைப் பார்த்து அசந்துபோனவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பெடுத்தார். நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இழுத்தடித்தார்கள். பெல், ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் கீழ் வகுப்பை ஒப்படைத்தார். பையன் சாதித்துவிட்டான். 1797-இல் லண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து அது ‘மெட்ராஸ் முறை’ என்று பேர் வாங்கியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் பணத்தில் எழும்பிய பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர்.

பெல்லும் அவருடைய போட்டியாளர் ஜோசப் லங்காஸ்டரும் இந்த முறையை இங்கிலாந்துக்கு விற்றது அதன் மலிவைச் சொல்லித்தான். ஒரே வாத்தியார், நூற்றுக்கணக்கில் பிள்ளைகள், சம்பளமில்லாத சட்டாம்பிள்ளைகள். அந்த ஆபத்து இன்றும் இருக்கிறது. நன்றாகப் படிக்கிற ஐந்தாம் வகுப்புப் பெண்ணை வருஷம் முழுக்க ஒன்றாம் வகுப்பு மேய்க்க விட்டால் அவள் படிப்பை யார் பார்ப்பது? முறை வைத்து, கால் மணிக்கு மேல் போகாமல், சொல்லிக்கொடுக்கிறவளுக்கும் அதில் ஏதாவது கற்க இருக்கிற மாதிரி அமைக்கிற டீச்சர்தான் அதைச் சரியாகச் செய்கிறார். மற்றபடி அது பிள்ளையிடம் வாங்கும் வெட்டி வேலை.

கூட்டு வகுப்பைக் கூட்டு வகுப்பாகவே ஒப்புக்கொண்டு அதற்கென்று ஒரு முறையைச் செய்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். டேவிட் ஹார்ஸ்பரோ 1972-இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் தொடங்கிய நீல் பாக் பள்ளியில் வயது வாரியாக வகுப்பே இருக்கவில்லை. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. அதைச் சுற்றிய குக்கிராமங்களில் 1980-களின் பிற்பகுதியில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தத் தொடங்கினார்கள் பத்மநாப ராவ், ரமா தம்பதி. ஓர் ஆசிரியர், எல்லா வயசுப் பிள்ளைகள். பாடநூலைக் கலைத்துச் சின்னச் சின்ன அட்டைகளாக்கினார்கள். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதை ஏணி மாதிரிப் படமாகச் சுவரில் மாட்டினார்கள். பிள்ளை தன் படியைத் தானே கண்டுபிடித்து, தன் அட்டையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பினார். திரும்பி வந்தவர்கள் தாங்களே அட்டை தயாரித்தார்கள். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகள், அடுத்து மாநகராட்சியின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளும். விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும் 2007-08-இல் அது மாநிலம் முழுக்க, சுமார் 37,000 பள்ளிகளுக்குப் போனது. செயல்வழிக் கற்றல். ஆசிரியர்கள் வாயில் ‘ஏ.பி.எல்.’

அன்று தொடக்கப் பள்ளியில் படித்து இன்று கல்லூரியில் இருப்பவர்களைக் கேளுங்கள், அறையை அப்படியே சொல்வார்கள். முழங்கால் உயரத்தில் நான்கு சுவரிலும் கீழ்மட்டக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். தலைக்கு மேல் கம்பிப் பந்தல், அதில் தொங்கும் படங்களும் காகிதப் பொம்மைகளும். வந்ததும் தன் பேருக்கு நேரே தானே குறிக்கும் சுய வருகைப் பதிவு. ஆரோக்கியச் சக்கரம், காலநிலை அட்டவணை. மேஜை நாற்காலி ஓரங்கட்டப்பட்டு, டீச்சரும் பாயில்.

ஏ.பி.எல்.லின் மூளை அந்தப் பாயில் இருந்தது. ஆறு குழு. ஆசிரியர் முழுமையாக உதவும் குழு, பகுதி உதவும் குழு, சக மாணவர் முழுமையாக உதவும் குழு, பகுதி உதவும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு. அட்டையில் உள்ள சின்னத்தைப் பார்த்தாலே எந்தக் குழுவில் உட்கார வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கவனியுங்கள்: ஆறில் இரண்டு குழுவுக்குத்தான் டீச்சர் தேவை. மேலே சொன்ன அந்த 160 நிமிடத்துக்கு அரசாங்கமே இருக்கை போட்டுக் கொடுத்த ஒரே காலம் அது. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்த பிள்ளையும், மல்லாட்டை பிடுங்க அம்மாவோடு கொல்லைக்குப் போய்ப் பத்து நாள் வராத பிள்ளையும் திரும்பி வந்து விட்ட படியிலிருந்தே ஏறலாம். வழக்கமான வகுப்பில் அந்தப் பிள்ளை விட்டது விட்டதுதான்.

குறைகளும் சின்னதல்ல. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன; ஒரு படியின் அட்டை இல்லையென்றால் ஏணி அங்கேயே நிற்கும். சில பிள்ளைகள் மாதக்கணக்கில் ஒரே படியில் நின்றன. பிள்ளை புஸ்தகமே இல்லாமல் அட்டையை வைத்துக்கொண்டு விளையாடுகிறதே என்று பெற்றோர் சந்தேகப்பட்டார்கள். மெட்ரிக் பள்ளிக்குப் போகச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. எல்லாவற்றையும்விட, ரிஷிவேலியில் அட்டை செய்த ஆசிரியரே அதை நடத்தினார். இங்கே கட்டுக்கட்டாக வந்து இறங்கிய அட்டையைப் பார்த்து, தானாக எதையும் மாற்றக் கூடாது என்று பயந்த ஆசிரியர்கள் ஏராளம். 2012-13-இல் முப்பருவ முறையும் புதிய பாடநூல்களும் வந்தன. அட்டைகள் பாடநூலுக்கு வால் பிடித்தன. பிறகு சத்தமில்லாமல் பெட்டிக்குள் போய்விட்டன. கீழ்மட்டக் கரும்பலகை மட்டும் பல பள்ளிச் சுவர்களில் இன்னும் இருக்கிறது. அதன் மேல் இப்போது விளம்பரப் பதாகை மாதிரி வழுவழு ‘சார்ட்’கள்.

கொலம்பியாவில் 1975 வாக்கில் விக்கி கோல்பெர்ட் தொடங்கிய ‘எஸ்க்வேலா நுவேவா’வும் இதே ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காகப் பிறந்ததுதான். தானே படித்து முன்னேறும் வழிகாட்டி நூல், மாணவர் ஆட்சிக் குழு. அந்த நாட்டில் அது இன்றும் நடக்கிறது, வேறு நாடுகளுக்கும் போயிருக்கிறது. நாம் ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை முறையையே மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

கொரோனாவுக்குப் பிறகு வந்தது எண்ணும் எழுத்தும். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, ஒன்றாம் வகுப்பு அறையையே பார்த்திராத பிள்ளை. அந்த ஜூன் 13-ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம், ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்தது. மூன்றாம் வகுப்பில் படித்தாலும் எழுத்து தெரியாவிட்டால் அரும்பு. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்து வகுப்புகளுக்கும் நீண்டது. வகுப்பைக் கலைத்துவிட்டு, பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது என்ற யோசனையைப் பிரதம் அமைப்பு வட மாநிலங்களில் பல ஆண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது. 2019-இல் பொருளியல் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் அதை ஆய்வுக்கு உட்படுத்திப் பலன் கண்டவர்கள்.

ஈராசிரியர் பள்ளிக்கு இது நல்ல செய்தி என்றே சொல்லலாம். ஆசிரியர் கையேடு, ஒன்று, இரண்டு, மூன்று ஒரே அறையில் இருப்பதை ஏற்றுக்கொண்டு பேசியது. ஒரே பாட்டு, ஒரே கதை மூன்று நிலைக்கும். அப்புறம் வேலை மட்டும் வேறு. ‘மழை’ பற்றிய கதையை எல்லோரும் கேட்பார்கள். அரும்பு ‘ம’வைத் தேடும், மொட்டு கதையில் வந்த சொற்களை எழுதும், மலர் கதையை மாற்றி முடிக்கும். கூட்டு வகுப்பில் கைதேர்ந்த ஆசிரியர்கள் இதைச் சூழ்நிலையியலில் முன்பே செய்துவந்தார்கள். தண்ணீர், செடி, ஊர்ச் சந்தை எல்லாம் எந்த வகுப்புக்கும் பொதுதானே.

கெட்ட செய்தி கைபேசியில் வந்தது. நிலை வாரியாக இணைய மதிப்பீடு, பிள்ளைக்குப் பிள்ளை, பாடத்துக்குப் பாடம் பதிவேற்றம். கேள்வியை டீச்சரின் கைபேசியில் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து விடை தொட வேண்டும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும் நெட்வொர்க்கில் அந்த நேரம் மற்ற பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஆசிரியர் சங்கங்கள் இந்த இணையப் பதிவுகளை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உள்ள நகரப் பள்ளியில் அது தொந்தரவு. மூன்று வகுப்புக்கு ஒருவர் என்றால் அன்றைய 80 நிமிடத்தில் அது கடித்து எடுப்பது அதிகம்.

தலைமை ஆசிரியரின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான்கும் ஐந்தும் அவர் பொறுப்பு என்பது ஏட்டில். குறுவளமையக் கூட்டம், வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கையெழுத்து, விலையில்லாச் சீருடை வாங்க ஒரு நாள், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல். அவர் கிளம்பிய நாளில் ஐந்து வகுப்பும் டீச்சருக்கு. வகுப்புக்கு 48 நிமிடம். டீச்சருக்குப் பயிற்சி வந்தால் ஐந்தும் அவருக்கு. யாராவது ஒருவர் விடுப்பு எடுத்தாலும் இதேதான். ஈராசிரியர் பள்ளி என்று பலகையில் எழுதியிருந்தாலும் வருஷத்தில் எத்தனையோ நாள் அது ஓராசிரியர் பள்ளி. அந்த நாளுக்கென்று தனி நேர அட்டவணை ஒன்றை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கும் ஆசிரியர்கள் உண்டு: காலையில் எல்லோருக்கும் கதை, பிறகு நான்கும் ஐந்தும் வாசிப்பு, மதியம் படம், பாட்டு, தோட்டம். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதைப் பார்த்துக் கோபப்படாமல் பாராட்டினால் நல்லது.

நேரத்தைச் சம்பாதிக்க இன்னொரு வழி, நான்கையும் ஐந்தையும் ஒரே வகுப்பாக வைத்து, அறிவியலிலும் சமூக அறிவியலிலும் ஓர் ஆண்டு நான்காம் வகுப்புப் பாடம், மறு ஆண்டு ஐந்தாம் வகுப்புப் பாடம் என்று சுழற்சியில் நடத்துவது. பல நாடுகளின் சிற்றூர்ப் பள்ளிகளில் இது சர்வ சாதாரணம். ஐந்தாம் வகுப்புப் பாடத்தை முதலில் படித்துவிட்டு நான்காம் வகுப்புப் பாடத்தைப் பிறகு படித்தால் ‘நம் உடல்’ மாறிப்போய்விடாது. இங்கே வகுப்பு வாரியாகப் பாடநூல், வகுப்பு வாரியாக வினாத்தாள் என்றிருக்கும்வரை எந்தத் தலைமை ஆசிரியரும் அந்தத் துணிச்சலுக்கு வர மாட்டார். கணக்குக்கு மட்டும் இந்தச் சுழற்சி உதவாது. வகுத்தல் தெரியாமல் பின்னம் வராது.

வேடிக்கை என்னவென்றால், மரியா மாண்டிசோரி 1939-இல் அடையாறுக்கு வந்து பயிற்சி கொடுத்த காலத்திலிருந்தே மூன்று வயது இடைவெளிப் பிள்ளைகளை ஓர் அறையில் வைப்பது அவர் முறையின் அடிப்படை. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி அந்த அறைக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே அறை முழுக்கப் பிள்ளை தானாக எடுத்துச் செய்யும் சாமான்கள், கூடவே ஓர் உதவி ஆசிரியர். ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வயசுக் கலவை மட்டும் இருக்கிறது.

உதவி ஆளைப் பற்றிச் சொன்னால் இல்லம் தேடிக் கல்வியை விட முடியாது. 2021 அக்டோபர் 27-இல் பக்கத்து விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் ஊரிலேயே படித்த பெண்கள், மாலையில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லாப் பிள்ளைகளையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கூட்டு வகுப்பு நடத்தத் தெரிந்த ஒரு படையே ஊர் ஊராக உருவானது. பகலில் அதே பெண்களில் ஒருவரைப் பள்ளி அறைக்குள் கொண்டுவந்திருந்தால் அந்த 160 நிமிடத்துக்கு ஒரு துணை கிடைத்திருக்கும். ஆசிரியர் பணியிடத்துக்கு அது மாற்றாகிவிடுமோ என்ற சங்கங்களின் அச்சமும் புரிகிறது. கீழ் வகுப்புகளுக்கு ஓர் உதவியாளர் என்ற யோசனையை ஆசிரியர் நியமனத்தோடு முடிச்சுப் போடாமல் பேச இடமிருக்கிறது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க 31,000-க்கு மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்ததில் யாரும் எதிர்பாராத ஒரு லாபம் உண்டு. எட்டரைக்கே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டுக் கைகழுவி மணி அடிக்கும்வரை கிடைக்கிற நேரத்தில் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டலாம். எந்த அட்டவணையிலும் இல்லாத நேரம் அது. அதனால் யாரும் அதை வெட்டவும் முடியாது.

கூட்டு வகுப்பு ஆசிரியர்களின் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு தேதி ஆகஸ்ட் 1. அன்றைய மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் அந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கிறார்கள். 61 என்றால் மூன்று பேர். 60 என்றால் மூன்றாமவர் ‘உபரி’. பணிநிரவலில் வேறு ஊருக்குப் போக வேண்டும். அதுவரை ஒன்றும் இரண்டும் ஒருவருக்கு, மூன்றும் நான்கும் ஒருவருக்கு, ஐந்து தலைமை ஆசிரியருக்கு என்று ஜூனில் போட்ட ஏற்பாடு மொத்தமும் கலைந்து, பாயை மறுபடி விரித்து, யார் எங்கே உட்காருவது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மே மாதத்து வெயிலில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை கேட்பது இதனால்தான். பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் ஜூலையில் திரும்பி வந்தால் பணியிடம் தப்பும். செப்டம்பரில் வந்தால் அந்த ஆண்டுக்குப் பலனில்லை. அந்த ஒற்றைப் பிள்ளைக் கணக்கையும், கலந்தாய்வு அறையில் நடப்பதையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)